காலையில் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும் செயலி: எதற்குச் செலவு செய்வது?

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கத்துப் பனியன் கம்பெனிகளில் கட்டிங் பீஸ் கணக்கு, பவர் டேபிளுக்கு (தையல் யூனிட்டுக்கு) போகும் டிசி (சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான்), செக்கிங், அயர்னிங், பேக்கிங், சனிக்கிழமைச் சம்பளம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நோட்டிலிருந்து இணையச் செயலிக்கு மாறி வருகின்றன. பெரும்பாலும் கோவையிலோ திருப்பூரிலோ இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்த சின்னச் செயலிகள். இவற்றைப் பராமரிக்கிறவன் என்ற முறையில் எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான்: “அண்ணா, காலையில திறந்தா சுத்தீட்டே இருக்குதுங்க. ஒருக்கா திறந்துட்டா அப்புறம் நல்லா ஓடுதுங்க.”

முதலாளி அடுத்துக் கேட்பார்: “பெரிய சர்வரா போட்டுறலாமுங்களா தம்பி?” பெரும்பாலும் வேண்டியதில்லை. இருபது முப்பது பேர் பயன்படுத்தும் செயலிக்கு, இந்தியாவுக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்னச் சர்வரும், எடை குறைத்த முதல் பக்கமும் போதும் என்பது என் முடிவு. ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் அதுவே பொருந்தாது. அதனால் மற்ற வழிகளையும் அவற்றின் விலையோடு பார்த்துவிடலாம்.

ஒரு நிமிடத் தாமதம் பெரிய விஷயமா என்று சிலர் கேட்கிறார்கள். எட்டரை மணிக்கு லைன் ஓட ஆரம்பிக்கும்போது டிசி போட உட்காரும் பெண்ணின் திரை வெள்ளையாக நின்றால், அவர் நோட்டில் குறித்துக்கொண்டு வண்டியை அனுப்பிவிடுவார். சாயங்காலம் ஏற்றிக்கொள்ளலாம் என்று வைத்த டிசி பல நாள் ஏறுவதே இல்லை. இல்லையென்றால் பொறுமை போய் பட்டனை மூன்று தடவை அழுத்துவார், ஒரே டிசி மூன்றாகப் பதிவாகும். சனிக்கிழமை பீஸ் கணக்கு இடிக்கும்போது நஷ்டப்படுவது பீஸ் ரேட்டில் தைப்பவர். அவர் கூலியில் கை வைக்கும் தாமதத்தைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

இரண்டு போன் சோதனை

காசு செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். காலையில் வேறு யாரும் திறப்பதற்கு முன் ஒரு போனில் செயலியைத் திறக்க வேண்டும். அது முழுதாக வந்தவுடனே, இதுவரை அந்தச் செயலியைத் திறந்தே பார்க்காத இன்னொரு போனில் திறக்க வேண்டும். இரண்டும் ஒரே வைஃபையிலோ, ஒரே நிறுவனத்து மொபைல் டேட்டாவிலோ இருக்கட்டும்.

இரண்டாவது போனில் சட்டென்று வந்தால், சர்வர் தூங்கிக் கிடந்திருக்கிறது. முதல் ஆள் எழுப்பிவிட்டார், மற்றவர்களுக்குச் சுலபமாகிவிட்டது. இரண்டாவது போனிலும் அதே அளவு நேரம் பிடித்தால் சர்வர் மேல் குற்றமில்லை. போனுக்கு இறங்க வேண்டிய சரக்கு அதிகம். சனிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் சம்பளப் பட்டியல் எடுக்கும் நேரத்தில் மட்டும் மெதுவாக இருந்தால் அது கூட்ட நெரிசல். முதலாளி கேட்ட பெரிய சர்வர் உதவக்கூடியது அங்கே மட்டும்தான்.

கணினி பக்கத்தில் இருந்தால் குரோமில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியில் ‘டிசேபிள் கேச்’ (முன்பே சேமித்து வைத்த கோப்புகளை எடுக்காதே) என்பதை டிக் செய்து பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். முதல் வரியில் ‘வாட்டர்ஃபால்’ பட்டையின் மேல் சுட்டியை வைத்தால் நேரம் பிரித்துக் காட்டப்படும். ‘வெயிட்டிங் ஃபார் சர்வர் ரெஸ்பான்ஸ்’ நீளமாக இருந்தால் சர்வர் பக்கம் பாருங்கள். அது குட்டையாக இருந்து, கீழே வரும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளின் ‘கன்டென்ட் டவுன்லோட்’ நீளமாக இருந்தால் எடையைக் குறைக்க வேண்டும். சர்வரின் பதிலில் முதல் பைட் 0.8 நொடிக்குள்ளும், பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள்ளும் வருவதை நல்ல நிலை என்று கூகுள் வகுத்திருக்கிறது. பனியன் கம்பெனிச் செயலிக்கும் அந்த அளவுகோல் போதும்.

தூங்கும் சர்வர்: இலவசத்திலேயே ஓட்டலாமா?

இலவச இடங்கள் பலவும் ஆள் வராத செயலியை நிறுத்தி வைக்கும். ரெண்டர் என்ற சேவையின் இலவசத் திட்டத்தில் 15 நிமிடம் யாரும் வரவில்லை என்றால் செயலி நின்றுவிடும். மறுபடி எழுந்திருக்க ஒரு நிமிடம் போல ஆகும் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் அஸூரில் 20 நிமிடம் சும்மா இருந்தால் இறக்கப்படும். அதைத் தடுக்கும் ‘ஆல்வேஸ் ஆன்’ வசதி இலவசத் திட்டத்தில் கிடையாது. ராத்திரி முழுக்கக் கம்பெனி பூட்டிக் கிடந்தால் காலையில் முதல் ஆளுக்கு அந்த நிமிடம் நிச்சயம்.

இதற்கு ஊரெல்லாம் சொல்லும் வைத்தியம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேறொரு இடத்திலிருந்து செயலியைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருப்பது. வேலை செய்யும். ரெண்டரில் மாதம் 750 மணி நேரம் இலவசம். 31 நாள் மாதத்துக்கு 744 மணி நேரம். ஆக ஒரே ஒரு செயலிக்குச் சரியாக இருக்கும், இரண்டாவது ஒன்று வந்தால் மாதம் பாதி தாண்டியதுமே இரண்டும் நிற்கும். ஞாயிறு விட்டு, காலை எட்டிலிருந்து ராத்திரி ஒன்பது வரை மட்டும் தட்டினால் இந்தத் தொல்லை இல்லை. தட்டும் முகவரி டேட்டாபேஸையும் ஒரு சின்னக் கேள்வி கேட்டுவிட்டு வர வேண்டும். இல்லையென்றால் செயலி விழித்திருக்கும், டேட்டாபேஸ் இணைப்பு புதிதாகப் போடப்பட வேண்டியிருக்கும். தட்டும் வேலையைக் கிட்ஹப் ஆக்ஷன்ஸிடம் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் சேவை) கொடுப்பவர்கள் கவனிக்க: நெரிசல் நேரத்தில் குறித்த நேரம் தள்ளிப்போகலாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பதினைந்து நிமிட வரம்புக்குள் அடிக்க வேண்டிய மணிக்கு அந்தத் தாமதம் ஆகாது.

இந்த வழியை நான் சோதனைக் காலத்துக்கு மட்டும் ஏற்பேன். கம்பெனியில் இரண்டு சூப்பர்வைசர்கள் ஒரு மாதம் பயன்படுத்திப் பார்க்கட்டும், பிடித்தால் தொடரலாம் என்ற நிலையில் காசு கட்டச் சொல்வது நியாயமில்லை. சம்பளக் கணக்கு ஏறிய நாளிலிருந்து இலவசம் போதாது. இலவசத் திட்டத்தில் தொழில் செயலியை ஓட்ட வேண்டாம் என்று ரெண்டரே சொல்கிறது. 2022 நவம்பரில் ஹெரோகு என்ற இதே மாதிரிச் சேவை தன் இலவசத் திட்டத்தை மொத்தமாக நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த எல்லோரும் அவசரமாக இடம் மாற வேண்டியிருந்தது.

இலவசத்திலேயே இருப்பவர்களுக்கு இன்னொரு யோசனையும் உண்டு. செயலியின் முன்பக்கத்தைத் தனியாகப் பிரித்து, தூங்காத நிலைப்பக்க இடத்தில் (கோப்புகளை அப்படியே எடுத்துக் கொடுக்க மட்டும் செய்யும் ஹோஸ்டிங்) வைத்துவிடலாம். லாகின் பக்கம் உடனே வரும். அது திறந்த கணமே பின்னால் இருக்கும் சர்வருக்கு ஒரு குரல் கொடுத்துவிட வேண்டும். மொபைல் எண்ணும் கடவுச்சொல்லும் தட்டும் பத்துப் பதினைந்து நொடி நமக்கு லாபம். மிச்ச நேரத்துக்கு “சர்வர் தயாராகிறது, ஒரு நிமிடம் பொறுங்கள்” என்று தமிழில் எழுதிக் காட்டி, பட்டனையும் முடக்கி வையுங்கள். இதனால் வேகம் கூடாது என்றாலும், ஒரே டிசி மூன்று தடவை ஏறுவது நிற்கும்.

விண்டோஸ் ஹோஸ்டிங்கில் மறைந்திருக்கும் 29 மணி நேரம்

கோவைப் பக்கம் மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட் நெட்டில் எழுதப்பட்ட செயலிகள் நிறைய. காசு கட்டித்தான் வைத்திருக்கிறார்கள், ஆனாலும் காலையில் சுற்றுகிறது. இதற்கு, விண்டோஸில் இந்தச் செயலிகளை ஓட்டும் ஐஐஎஸ் சர்வரின் இயல்பான அமைப்பில் இரண்டு காரணங்கள் உண்டு. 20 நிமிடம் யாரும் வரவில்லை என்றால் செயலியின் பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) மூடப்படும். அது போக, 1740 நிமிடத்துக்கு ஒருமுறை, அதாவது 29 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஆள் இருந்தாலும் பிராசஸ் புதுப்பிக்கப்படும். 29 என்பதால் தினமும் ஐந்து மணி நேரம் தள்ளிப்போகும்: இன்று காலை ஆறுக்கு என்றால் நாளை பதினொன்றுக்கு, மறுநாள் சாயங்காலம் நாலுக்கு. “ஒரு நாள் காலையில மெதுவா இருக்குதுங்க, ஒரு நாள் மத்தியானம்” என்று புகார் வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இதைச் சரிசெய்யக் காசே வேண்டாம். ஐடில் டைம்அவுட்டை (சும்மா இருந்தால் மூடும் நேரம்) பூஜ்ஜியம் ஆக்குங்கள், ஸ்டார்ட் மோடை ஆல்வேஸ்ரன்னிங் என்று மாற்றுங்கள், ப்ரீலோடை (ஆள் வருமுன்பே செயலியைக் கிளப்பி வைப்பது) செயல்படுத்துங்கள். 1740-ஐ எடுத்துவிட்டு விடிகாலை மூன்று மணி என்று நேரம் குறித்து வையுங்கள். பகிர்வு ஹோஸ்டிங்கில் இந்தப் பொத்தான்களை நம் கையில் கொடுக்க மாட்டார்கள். அப்போது ஹோஸ்டிங்காரரிடம் எழுதிக் கேட்பதும், மறுத்தால் இடம் மாறுவதும்தான் வழி.

எழுந்தபின் ஏன் இவ்வளவு நேரம் பிடிக்கிறது என்றால், டாட் நெட்டிலும் ஜாவாவிலும் நிரல் முதல் தடவை ஓடும்போதுதான் இயந்திர மொழிக்கு மாறுகிறது. டேட்டாபேஸ் இணைப்புகள் அப்போதுதான் போடப்படுகின்றன. டேட்டாபேஸ் டேபிள்களின் அமைப்பை மனதில் ஏற்றிக்கொள்ளும் நூலகங்களும் அப்போதுதான் அதைச் செய்கின்றன. டையிங் பட்டறையில் பாய்லர் சூடேறாமல் துணி போட முடியாதது போலத்தான். அதனால் செயலி கிளம்பியதும் லாகின் பக்கத்தையும், அதிகம் திறக்கும் இரண்டு மூன்று ரிப்போர்ட்டுகளையும் தானாகவே ஒருமுறை அழைத்துப் பார்க்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை வைப்பது நல்லது. எந்த மொழியில் எழுதிய செயலிக்கும் இது பயன்படும்.

சொந்தமாக ஒரு சின்னச் சர்வர்

என் பரிந்துரை இதுதான் என்று முன்பே சொன்னேன். சர்வரை வாடகைக்குக் கொடுக்கும் டிஜிட்டல்ஓஷனுக்குப் பெங்களூரில் மையம் உண்டு. 1 ஜிபி நினைவகம் உள்ள சர்வர் அவர்கள் பட்டியலில் மாதம் 6 டாலர். வரியோடு சேர்த்தால் அறுநூறு ரூபாயை ஒட்டி வரும். அமேசானுக்கு மும்பையில் 2016 முதலும் ஹைதராபாத்தில் 2022 முதலும் மையங்கள் இருக்கின்றன. அஸூர் 2015-லேயே சென்னையில் தொடங்கிவிட்டது.

பக்கத்தில் இருப்பது ஏன் முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கோவையிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். போய் வர 28,000, அதாவது 140 மில்லி நொடி. கேபிள் நேர்கோட்டில் போகாததால் நடைமுறையில் 250-ஐத் தொடும். மும்பை ஆயிரம் கிலோமீட்டர்தான், போய் வரக் குறைந்தபட்சம் 10 மில்லி நொடி. இணைப்புப் போட ஒரு நடை (ஒருமுறை போய் வருவது), தகவலைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் 1.3 பாதுகாப்புக்கு இன்னொரு நடை, பக்கத்தைக் கேட்க ஒரு நடை. வர்ஜீனியா என்றால் எழுத்து ஒன்றுகூட வருவதற்கு முன் முக்கால் நொடி போயிற்று. அதன் பிறகும் சர்வர் முதல் தடவையில் 14 கேபி அளவுக்குத்தான் அனுப்பும். பதில் வர வர இரட்டிப்பாக்கும். 3 எம்பி கோப்பு முழுதாக வந்து சேர எட்டு நடை வேண்டும். 250 மில்லி நொடி வீதம் அதுவே இரண்டு நொடி. தூரமும் எடையும் ஒன்றை ஒன்று பெருக்கும் என்பதால்தான் இரண்டையும் சேர்த்துக் குறைக்கச் சொல்கிறேன். ரெண்டரில் நமக்குப் பக்கத்து மையம் சிங்கப்பூர், மூவாயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். மோசமில்லை. சர்வர் நிர்வாகத்தில் தலையிட விரும்பாதவர்கள் அங்கேயே மாதம் 7 டாலர் திட்டத்தில் இருக்கலாம், தூங்காது.

சொந்தச் சர்வரில் வேலை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு அப்டேட், பேக்கப், 90 நாளுக்குள் தானாகப் புதுப்பிக்க வேண்டிய தளப் பாதுகாப்புச் (https) சான்றிதழ், சர்வர் மறுபடி கிளம்பினால் செயலியும் தானாகக் கிளம்புவது எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளர் வேண்டும். ஆள் இல்லாத கம்பெனி இதை எடுக்கக் கூடாது.

இங்கேயும் காலைத் தாமதம் வேறு வேடத்தில் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு டேட்டாபேஸ் பேக்கப் ஓடும்போது 1 ஜிபி நினைவகம் போதாமல், சும்மா கிடக்கும் செயலியின் நினைவகப் பகுதிகளை லினக்ஸ் ஸ்வாப்புக்கு (டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்துக்கு) தள்ளிவிடும். காலையில் முதல் ஆள் வரும்போது அவை டிஸ்க்கிலிருந்து திரும்ப வர வேண்டும். எட்டு மணிக்கு ஒரு எழுப்பும் ஸ்கிரிப்ட் போட்டால் சரியாகிவிடும். அப்போதும் தொந்தரவு இருந்தால் 2 ஜிபிக்கு மாறலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஆபீஸ் கணினியையே சர்வராக வைத்தால்?

டேலி ஓடும் கணினியிலேயே இதையும் ஓட்டிவிடலாமே என்று முதலாளிகள் கேட்பது நியாயம்தான். கட்டிங், தையல், பேக்கிங் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் இதைவிட வேகமான வழி கிடையாது; உள் வலையில் நடை ஒன்றுக்குச் சில மில்லி நொடிதான் ஆகும். ஆனால் திருப்பூர்த் தொழில் அப்படி ஒரே கூரையில் நடப்பதில்லை. பெருமாநல்லூரில் ஒரு பவர் டேபிள், அவிநாசியில் அயர்னிங் என்று வேலை பரவிக் கிடக்கிறது. வெளியிலிருந்து வர நிலையான ஐபி (மாறாத இணைய முகவரி) வேண்டும், அல்லது வெளியாரை உள்ளே சேர்க்கும் கிளவுட்ஃப்ளேர் டனல் மாதிரி ஒன்று வேண்டும். மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாளில் ஜெனரேட்டர் உள்ள கம்பெனி ஓடும், யுபிஎஸ் மட்டும் உள்ள ஆபீஸ் நிற்கும். சாலை தோண்டும்போது ஃபைபர் அறுந்தால் எல்லா ஊருக்கும் சேர்த்து நிற்கும். கணினி ஃபேனில் பஞ்சு அடைத்து சூடாகி நிற்பது பனியன் கம்பெனிக்கே உரிய சங்கடம். ஒரே கட்டடத்தில் இருக்கும் யூனிட்டுக்கு ஆகும், மற்றவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

அமேசானின் லாம்டா போன்ற சர்வர்லெஸ் வழி (அழைப்பு வரும்போது மட்டும் நிரல் ஓடும்) பற்றி: நோட், பைத்தானில் எழுதிய சின்னச் செயலிக்கு முதல் அழைப்பில் ஒரு நொடிக்குள் தாமதம் வரலாம், ஜாவாவில் கூடும். பணம் கட்டி எப்போதும் தயாராக வைக்கலாம், ஆனால் அந்தச் செலவுக்குச் சின்னச் சர்வரே எடுத்துவிடலாம். ஏற்கெனவே அதில் எழுதியவர்கள் தொடரட்டும். இந்தக் குறைக்காக அங்கே போகத் தேவையில்லை.

இரண்டாவது போனும் மெதுவாக இருந்தால்

இங்கே சர்வரை மாற்றிப் பலன் இல்லை. ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் எழுதிய செயலிகளில் வழக்கமாக நடப்பது: லாகின் பக்கத்தைக் காட்ட, சம்பள ரிப்போர்ட், வரைபடங்கள், எக்செல் ஏற்றுமதி வரை எல்லாவற்றின் நிரலும் ஒரே கோப்பாக இறங்கும். 3 எம்பி கோப்பு, நொடிக்கு 4 மெகாபிட் கிடைக்கும் இடத்தில் ஆறு நொடி. பல்லடம் தாண்டி உள்ளே போனால் அந்த வேகமும் எல்லா நேரமும் கிடைப்பதில்லை.

முதல் வேலை, சர்வரில் கோப்பைச் சுருக்கி அனுப்பும் பிராட்லியோ ஜிசிப்போ இயங்குகிறதா என்று பார்ப்பது. ஜாவாஸ்கிரிப்ட் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கும். அரை மணி நேர வேலை, செலவில்லை. ஆனாலும் இது அணைந்தே கிடக்கும் சர்வர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். ஆனால் சுருக்கினால் இறங்கும் நேரம்தான் குறையும். இறங்கியபின் போன் அந்த 3 எம்பியையும் விரித்துப் படித்து ஓட்ட வேண்டும். சூப்பர்வைசர்கள் கையில் இருப்பது விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன். அதனால் நிரலைப் பக்கம் பக்கமாகப் பிரிப்பதுதான் உண்மையான வைத்தியம்: டிசி போடுபவருக்கு டிசி பக்கம் மட்டும் வரட்டும், எக்செல் நூலகம் அந்தப் பட்டனை அழுத்தும்போது வரட்டும். இதற்கு எழுதியவரின் சில நாள் உழைப்பு தேவை, அதற்குக் காசு கொடுப்பது சர்வருக்குக் கொடுப்பதைவிட நல்ல செலவு.

பொது நூலகங்களை வெளி சிடிஎன்னில் (பல தளங்களுக்கும் பொதுவாகக் கோப்பு கொடுக்கும் சர்வர்கள்) இருந்து எடுத்தால் வேறு தளத்தில் ஏற்கெனவே இறங்கியிருக்கும் என்ற பழைய ஆலோசனை இன்றும் சுற்றுகிறது. 2020-ல் குரோம் 86 தளத்துக்குத் தளம் கேச்சைப் பிரித்துவிட்டது. அந்த லாபம் இப்போது இல்லை, கூடுதல் இணைப்புச் செலவு மட்டும் மிச்சம்.

தமிழ் எழுத்துருவையும் பாருங்கள். நான்கு தடிமனில் நான்கு கோப்பு இறக்குகிற செயலிகள் உண்டு. ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழும் விண்டோஸில் நிர்மலாவும் ஏற்கெனவே இருக்கின்றன. டிசி எண்ணும் பீஸ் கணக்கும் காட்ட அவையே அழகாகப் போதும்.

கடைசியாகப் புதுப் பதிப்பு போடும் நாள். கோப்புப் பெயரோடு அடையாள எண் சேர்த்து, ஒரு வருடம், அதாவது 31,536,000 நொடி, கேச்சில் வைக்கச் சொல்லுங்கள். முகப்புப் பக்கத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். நூலகங்களைத் தனிக் கோப்பாக வைத்தால் ஒரு பட்டனின் நிறம் மாறியதற்காக முப்பது போன்களும் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டியதில்லை. வார நாள் காலையில் பதிப்பு மாற்றுவதை ஒப்பந்தத்திலேயே தடுத்துவிடுங்கள். சனிக்கிழமை சம்பளம் முடிந்த ராத்திரி போட்டால், ஏதாவது தவறினாலும் சரிசெய்ய ஞாயிறு முழுக்க இருக்கிறது.